காற்று எட்டாத இடத்தில் துரு

பழைய கார் ஒன்றின் கதவுக்கு அடியில், பெயின்டின் மேல் மிளகு அளவில் ஒரு கொப்புளம். சுற்றிலும் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினால் முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. கொப்புளத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை. இத்தனை நாளும் அங்கே நின்றது பெயின்ட் மட்டும்தான். அதே காரின் பானெட்டைப் பாருங்கள். நடுவில் பெயின்ட் உரிந்து, வெயிலும் மழையும் நேராகப் பட்டு, செம்பழுப்பாகிக் கிடக்கிறது. அங்கே அழுத்தினால் தகடு கெட்டியாகத் தாங்குகிறது. மேலே ஒரு மெல்லிய படலம் மட்டுமே துரு.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியில் சோதனைக்குழாய்க்குள் ஆணியைப் போட்டுப் படித்திருக்கிறோம். அப்படியென்றால் காற்று தாராளமாகக் கிடைக்கும் பானெட்டில்தானே ஓட்டை விழ வேண்டும்? சேற்றுக்குள்ளும் மடிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கும் தகடு ஏன் முதலில் போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பழைய காரைச் சரிசெய்ய இறங்குபவர்கள், இரண்டு குளிர்காலம் கழித்து அதே இடத்தில் அதே கொப்புளத்தைப் பார்ப்பார்கள்.

எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்தது. இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ. காரில் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி.யில் தனிச் சேஸிஸ் கிடையாது. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி வடிவாக்கி, ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றோடொன்று சேர்த்து, உடலே எலும்புக்கூடாகவும் நிற்கும்படி செய்தார்கள். இதை மோனோகாக் என்பார்கள். தமிழில் ஒற்றைக்கூடு எனலாம்.

கூரை இல்லாத காரில் இந்தக் கூட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், கார் நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்கும் பாரத்தில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு வெற்றுக் குழல்களின் மேல் விழுகிறது. முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து பின்சக்கரத்துக்கு முன்வரை நீளும் இந்தக் குழலை அங்குள்ள பட்டறைகளில் ‘சில்’ என்கிறார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு தகடு, அடியில் கோட்டை மதில்போல் பல் வெட்டிய ஒரு பட்டை எனப் பல அடுக்கு. அந்தப் பற்களின் இடைவெளி வழியாகத் தண்ணீர் வடிய வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு, ரப்பர் தடுப்பு கிழிந்ததும் முன் மட்கார்டின் பின்புறத்தில் புகுந்து, குழலின் தலைமாட்டில் குவிந்து, நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கிறது. எம்.ஜி.பி.யில் துரு தேடுபவர்கள் முதலில் குனிந்து பார்க்கும் இடம் இது.

புதிருக்கு விடை தந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த யூலிக் ரிச்சர்ட்சன் இவான்ஸ். உலோகம் தன் சூழலால் அரிக்கப்படுவதை அரிமானம் என்கிறோம். அதை ஓர் அறிவியலாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் அவர். 1926-ல் அவர் வெளியிட்ட சோதனையைச் செய்ய ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் போதும். அதில் இரண்டு பொருள்களைக் கலந்தார். ஒன்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரும்பு கரைந்து தண்ணீருக்குள் வந்தால் அது ஆழ்ந்த நீலமாகும். மற்றொன்று ஃபினாப்தலீன், காரத்தன்மை தோன்றினால் இளஞ்சிவப்பாகும். சுத்தமாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் அந்தச் சொட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முதலில் நீலமும் சிவப்பும் ஆங்காங்கே புள்ளிகளாகக் கலந்து தோன்றும். அப்போது சொட்டு முழுவதும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே அளவில் கரைந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது செலவாகிறது. ஓரத்தில் தண்ணீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் உடனே வந்து சேர்கிறது. நடுவில் தண்ணீர் ஆழமாக இருப்பதால் வந்து சேர நேரமாகிறது. பிறகு நிறங்கள் பிரிகின்றன. ஓரம் முழுவதும் சிவப்பு வளையம், நடுவில் நீலம். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு கரைகிறது.

தகடு ஒன்றே என்றாலும் அதில் இரண்டு இடங்கள் இரண்டு வேலை செய்கின்றன. நடுவில் இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. இதைக் கரைமுனை என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகம் நேர்மின்வாய் என்கிறது. விட்டுச்சென்ற எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே தண்ணீரும் ஆக்சிஜனும் அவற்றை வாங்கிக்கொண்டு காரத்தை உண்டாக்குகின்றன. இது ஏற்புமுனை, அதாவது எதிர்மின்வாய். ஆக்சிஜன் மிகுந்த இடம் எலெக்ட்ரான் கேட்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடம் கரைந்து அதைக் கொடுக்கிறது. இது முழுமையான ஒரு மின்கலம். தனியாகக் கம்பி வேண்டியதில்லை, தகடே கம்பி.

மின்சாரம் உண்மையிலேயே ஓடுகிறதா, அல்லது நிறத்தைப் பார்த்து நாமாகக் கட்டிய கதையா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது. 1932-ல் இவான்ஸும் டி.பி. ஹோரும் கரையும் பகுதிக்கும் ஏற்கும் பகுதிக்கும் இடையே ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். இவ்வளவு மின்சாரம் ஓடினால் இவ்வளவு உலோகம் கரையும் என்று ஃபாரடே நூறு ஆண்டுகளுக்கு முன்பே விதி சொல்லியிருந்தார். அதன்படி கணக்கிட்டதும், இரும்பு உண்மையில் இழந்த எடையும் ஒத்துப்போயின. துரு ஒரு மின்வேதி நிகழ்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்தச் சொட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நடுவில் கரைந்த இரும்பு வெளிப்பக்கமாக நகர்கிறது. ஓரத்தில் பிறந்த காரம் உள்பக்கமாக நகர்கிறது. இரண்டும் வழியில் சந்திக்கும் இடத்தில்தான் துரு படிகிறது. ஆக, இரும்பு போன இடம் வேறு, துரு தெரியும் இடம் வேறு. அலுமினியத்தின் ஆக்சைடு பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு உலோகத்தை மூடிக் காக்கிறது. இரும்பின் துரு தள்ளிப்போய்ப் படிவதால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பழுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டால் துரு போய்விட்டது என்று நம்புவது எவ்வளவு பெரிய பிழை என்பதும் இதிலிருந்து புரியும்.

இப்போது சொட்டை விட்டுவிட்டுக் காருக்குள் வருவோம். ஸ்பாட் வெல்ட் செய்த இரண்டு தகடுகளுக்கு நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருக்கும். தண்ணீர் அதற்குள் தானாக ஏறிவிடும், வெளியே வராது. உள்ளிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துபோக, இடுக்கின் உட்புறம் கரைமுனையாகிறது. வாய்ப்புறமும் வெளித்தகடும் ஏற்புமுனையாகின்றன. கரையும் இரும்பு நேர்மின்னேற்றம் கொண்டது. அதை ஈடுகட்ட வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. கரைந்த இரும்பு தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். கரையக் கரைய இன்னும் குளோரைடு உள்ளே வரும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலை வெளியில் பூசும் எந்தப் பெயின்டும் நிறுத்தாது.

குளோரைடு எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலை உறைந்து வழுக்காமலிருக்கப் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கம் அதற்கென்றே பெயர்பெற்றது. கரைந்த உப்பு சக்கரம் வழியாக அடித்தகடு முழுவதும் தெறிக்கிறது. துருவை உண்டாக்கும் வினையில் ஆக்சிஜன் செலவாகிறது, குளோரைடு செலவாவதில்லை. இடுக்கின் அடியில் அப்படியே உட்கார்ந்து, ஈரம் வரும்போதெல்லாம் மறுபடி வேலையைத் தொடங்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை. வாய் இறுக மூடிய டப்பாவில் கொண்டைக்கடலையை ஊறவைத்தால் மூடி எப்படித் தெறிக்குமோ, அப்படித்தான் மடிப்புக்குள் பிறந்த துரு இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரிக்கிறது. ஸ்பாட் வெல்ட் புள்ளிகளே பிய்ந்துவிடுவது உண்டு. இடைவெளி பெரிதாகும், இன்னும் தண்ணீர் ஏறும். கடைசியில் வெளித்தகட்டின் பின்புறம் முழுக்கத் தின்னப்பட்டு, பெயின்டின் மேல் மிளகளவு கொப்புளம் எழும்பும்போதுதான் நமக்குச் செய்தி வருகிறது.

இவ்வளவும் தெரிந்தால் பட்டறையில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிறது. அறுப்பதற்கு முன் முட்டுக்கொடுக்க வேண்டும். திறந்த காரில் சில் குழலை அறுத்தவுடன் கூடு நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதிய குழலை வெல்ட் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரம், கதவு ஒருபோதும் சரியாக மூடாது. ஆகவே கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்ட் செய்து இறுக்குகிறார்கள். காரைச் சக்கரங்கள் தாங்கும் இடங்களிலேயே தாங்கி நிறுத்துகிறார்கள். புதுத் தகட்டைக் கிளாம்பில் பிடித்து, கதவை மாட்டி, மூடித் திறந்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெல்டிங். நல்ல டிங்கர் இந்தப் பொருத்திப் பார்க்கும் வேலைக்கு வெல்டிங்கைவிட அதிக நேரம் செலவிடுவார்.

பழைய பெயின்டையும் துருவையும் எடுக்கப் பல வழிகள். மணல் வீச்சு, அதாவது சான்ட் பிளாஸ்டிங், குழிகளின் அடிவரை போய்ச் சுத்தம் செய்யும். ஆனால் பானெட், கதவு போன்ற அகலமான தகடுகளை அது நெளித்துவிடும். சூட்டினால் நெளிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு மணல்துகளும் சின்னஞ்சிறு சுத்தியலாக அடித்து மேல்பரப்பை மட்டும் விரிக்கிறது. அடிப்பரப்பு விரியாததால் தகடு வளைகிறது என்பதே முதன்மையான காரணம். அமிலத் தொட்டியில் மொத்த உடலையும் முக்கி எடுப்பதும் உண்டு. மடிப்புகளுக்குள் அமிலம் தங்கிவிட்டால் சில மாதங்களில் புதுப் பெயின்டை உள்ளிருந்து உரித்துக்கொண்டு வெளிவரும். கழுவி நடுநிலையாக்கும் வேலையை யார் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்காமல் காரை ஒப்படைக்கக் கூடாது.

சிறிய பாகங்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை மின்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனையிலும், ஒரு வேண்டாத இரும்புத் துண்டை பிளஸ் முனையிலும் இணைக்கிறோம். இவான்ஸின் சொட்டில் கரைந்த இரும்புக்கு இப்போது நாமே எலெக்ட்ரான் ஊட்டுகிறோம். பாகம் முழுவதும் ஏற்புமுனையாகிவிட, துரு இளகி உதிர்கிறது. நல்ல இரும்பு ஒரு துளியும் கரைவதில்லை. ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். பிளஸ் முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் இறங்கும்.

துருமாற்றி என்று விற்கும் திரவங்களைப் பற்றி நிறைய நம்பிக்கை இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். டேனிக் அமிலம் கருநீல டேனேட்டாக மாற்றும். மெல்லிய படலத்துக்கு இவை நன்றாகவே உதவும். தடித்த துருவில் மேலடுக்கு மட்டும் கறுத்து, அடியில் குளோரைடு பத்திரமாக இருக்கும். கெட்டித் துருவுக்கு மருந்து அறுவைதான். முழுத் தடிமனுள்ள பளிச்சென்ற உலோகம் வரும்வரை அறுக்க வேண்டும். சுத்தம் போதுமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் நனைத்து உலர்த்திய தாளை, லேசாக ஈரப்படுத்திய தகட்டின்மேல் ஒற்றினால், குழிகளில் கரையும் இரும்பு உப்பு மிச்சமிருக்கும் இடமெல்லாம் நீலப் புள்ளிகள் விழும். 1926-ல் கேம்பிரிட்ஜில் தெரிந்த அதே நீலம்தான் இது. புள்ளி விழுந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

வெல்டிங்கில் மெல்லிய தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பியோடு மிக் வெல்டிங் ஏற்றது. நீளமாக ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் விரிந்த தகடு ஆறும்போது சுருங்கி அலை அலையாகிவிடும். ஆகவே இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் ஆறவிட்டு. ஒன்றன்மேல் ஒன்று படியும் தகடுகளின் உள்முகத்தில் துத்தநாக பிரைமர் பூசியபின் வெல்ட் செய்வது அவசியம் என்பேன். வெல்ட் முடிந்ததும் அந்த முகத்தைக் கையால் தொடக்கூட முடியாது. துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலை உண்டாக்கும். காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும்.

துத்தநாகம் ஏன்? இரும்பைவிட எளிதாக எலெக்ட்ரானைக் கொடுக்கும் உலோகம் அது. இரண்டும் தொட்டுக்கொண்டு நனைந்தால் துத்தநாகம் கரைமுனையாகிறது, இரும்பு தப்பிக்கிறது. ஹம்ஃப்ரி டேவி 1824-லேயே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளை இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். செம்பு கரையவில்லை, ஆனால் கரையாத செம்பில் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கப்பலின் வேகம் குறைந்ததால் கடற்படை அதைக் கைவிட்டது. கார் உலகம் பாடம் கற்க வெகுகாலம் ஆனது. ஜெர்மனியின் போர்ஷ நிறுவனம் 1967-ல் 911 காரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சோதனையாகச் செய்து பார்த்தது. அவற்றில் ஒன்று ம்யூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1976 மாடலிலிருந்து 911-இன் உடலுக்குத் துத்தநாகம் பூசிய தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முந்தைய 911-களைத் துரு எப்படித் தின்றது என்பதைப் பழைய போர்ஷ வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

பட்டி பூசுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்தது, ஈரத்தை உறிஞ்சும். இரும்பின்மேல் எபாக்ஸி பிரைமர் பூசி, அதன்மேல் மேடுபள்ளம் சமன்செய்ய மெல்லியதாக இழுத்தால் அதில் தவறில்லை. ஓட்டையை மூடப் பட்டி வைப்பது ஏமாற்று. அதன் பின்புறம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, சுற்றியுள்ள நல்ல தகட்டுக்கும் புது இடுக்கை உண்டாக்கிக் கொடுக்கிறது. வண்டியின் அடியில் தடிப்பாகப் பூசும் தாரும் அப்படித்தான். புதிதாக இருக்கும்வரை காக்கும். வருடங்கள் போனால் இறுகி வெடித்து, வெடிப்புக்குள் உப்புத்தண்ணீரைப் பூட்டிவைக்கும்.

குழலுக்குள் தூரிகை போகாது. அங்கே நீண்ட குழாய்முனையால் மெழுகு பீய்ச்சுவார்கள். நல்ல குழிமெழுகு இறுகிவிடாமல், மடிப்புகளுக்குள் தானே ஊர்ந்து, தண்ணீர் நுழையும் வழியிலேயே நுழைந்து அடைத்துவிடும். பெயின்ட் அடித்து முடித்தபின் இதைச் செய்ய வேண்டும். அடியிலுள்ள வடிகால் துளைகள் மெழுகால் அடைபடாமல் திறந்திருக்க வேண்டும்.

சரிசெய்த காரை எங்கே நிறுத்துவது என்பதற்கும் அறிவியல் வழிகாட்டுகிறது. இவான்ஸின் காலத்திலேயே இங்கிலாந்தில் டபிள்யூ.எச்.ஜே. வெர்னன், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டும்போது அழுக்கடைந்த காற்றில் இரும்பு துருப்பிடிப்பது திடீரென்று வேகமெடுப்பதைக் கண்டார். மஸ்லின் துணிக்கூண்டுக்குள் வைத்த இரும்பு துருப்பிடிக்காமல் இருந்ததையும் காட்டினார்; துணி தடுத்தது தூசியை மட்டும்தான். தூசியைக் கழுவித் துடைத்து, காற்றோட்டத்தில் உலர்ந்து நிற்கும் கார் நெடுநாள் வாழும். உப்புச் சேற்றோடு கதகதப்பான ஷெட்டுக்குள் பூட்டிய கார், வெளியே குளிரில் நிற்பதைவிட வேகமாகக் கெடும்.

இரண்டு சில்களும், தரைத்தகடும், முன் உள்தகடுகளும் போய்விட்ட எம்.ஜி.பி.க்கு ஒரு வழி 1988-லிருந்து இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, அந்தக் காருக்கு முழுப் புது உடற்கூட்டையே மறுபடி செய்யத் தொடங்கியது. அறுபது ஒட்டுகளால் நிற்கும் கூட்டைவிட இது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன். ஆனால் புதுக்கூட்டிலும் அதே குழல், அதே மடிப்பு. மெழுகு இல்லாமல் ஓட்டினால் அதே இடத்தில் அதே துரு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காந்தமும் டார்ச்சும் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. காரின் நடுவே அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினால் சில் செத்துவிட்டது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால், பட்ஜெட்டில் அறுப்புக்கும் துத்தநாகத்துக்கும் மெழுகுக்கும் முதலில் பணத்தை எடுத்து வையுங்கள். பெயின்டின் நிறத்தை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.